ஊர்க் குவியலில் விழுந்த உளுந்து

“எவனோ ஒரு படுபாவி என் விதையைக் கெடுத்துட்டான்” என்று சொல்லிக்கொண்டே கல்மடத்துக்குள் நுழைந்தார் உடையப்பன்.

கையில் வேரோடு பிடுங்கிய இரண்டு உளுந்துச் செடிகள். ஒன்று கரும்பச்சை. மற்றதில் இலையெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது.

மடத்து அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விளக்கு. விளக்குக்கு மேலே ஆணியில் ஒரு காய்ந்த செவ்வந்தி மாலை.

வயதில் உடையப்பன்தான் மூத்தவர். ஆனாலும் அம்மை குரு, இவர் சீடர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை அம்மா என்பார். அதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

“உட்காருங்கண்ணே.”

“உட்கார வரலை. நியாயம் கேட்க வந்திருக்கேன்.”

உடையப்பன் பாதி ஆயுளை மாட்டுத் தரகில் கழித்தவர். சந்தையில் துண்டுக்கடியில் ஒருவன் விரலைப் பிடித்தாரென்றால், விலை படியாமல் கையை விட்டதில்லை. அந்தச் சாமர்த்தியத்தை வைத்துத்தான் ஊரையே புது உளுந்துக்குப் படியவைத்தார்.

லேசில் படியவில்லை. வருஷா வருஷம் மஞ்சள் நோய் வந்து வாரிக்கொண்டு போனாலும், பழைய உளுந்தில்தான் மாவு பொங்கும் என்றார்கள். இவர் விடவில்லை. நோய் தாங்கும் விதையைத் தேடிப்பிடித்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். வீடு வீடாக ஏறினார். திட்டினார், கெஞ்சினார், மறுபடி திட்டினார். கடைசியில் ஊர் தலையாட்டியது.

இப்போது கார்த்திகை. பூ விட்டிருக்கிறது. எந்த உளுந்துக் காட்டில் நின்று பார்த்தாலும் பாதி பச்சை, பாதி மஞ்சள்.

டீக்கடையில் எல்லார் முன்னாலும் பக்கத்துக் காட்டு இருளாயி கேட்டுவிட்டாளாம், புது விதைன்னு சொன்னீகளே மாமா, மஞ்சள் மட்டும் பழசாவே இருக்கே என்று. கடையே சிரித்ததாம். அடுத்த வருஷம் இந்த விதையைக் கையால் தொடமாட்டோம் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்களாம்.

“விதை மேல குத்தமில்லம்மா. நம்ம பழைய விதையோட கலந்துட்டான். ஊர்க் குவியல்ல கொட்டிட்டான்.”

ஊர்க் குவியல் அம்மைக்கும் தெரிந்ததுதான். விதைப்புக்கு முன்னால் எல்லா வீட்டு உளுந்தும் அம்மன் கோயில் வாசலில் ஒரே பாயில் விழும். பூசாரி இரண்டு கையாலும் புரட்டிக் கலப்பார். அப்புறம் அவரவர் நிலத்துக்குத் தக்கபடி அள்ளிக்கொண்டு போவார்கள். பொய்த்தால் எல்லார் காட்டிலும் பொய்க்கட்டும், ஒரு வீடு மட்டும் பட்டினி கிடக்க வேண்டாம். அந்த ஊர் தனக்குப் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

உடையப்பன் தன் மூட்டைகளைக் கோயில் மண்டபத்தில் தனியாக அடுக்கினாராம். பழசோடு சேர்க்காதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னாராம். கும்பிட்டுவிட்டு, பந்தியில் சாப்பிட்டு எழுந்து வந்து பார்த்தால் சாக்குகள் காலி. எல்லாம் பாயில். கறுப்போடு கறுப்பு. எது புதுசு எது பழசு என்று யாரால் பிரிக்க முடியும்?

“கலந்தவன் யாருன்னு எனக்குத் தெரியணும். ஊரைக் கூப்பிட்டு அம்மன் முன்னால சத்தியம் வாங்குங்க. நீங்க கூப்பிட்டா வருவாங்க.”

“ஆள் கிடைச்சா என்ன செய்யலாம்?”

“செருப்பால அடிக்கலாம்.”

“அடிச்சா மஞ்சள் பச்சையாகுமா?”

உடையப்பன் யோசித்தார். அவருக்குள்ளே இருந்த தரகர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“சரி. அவன் காட்டுல இருக்கிற மஞ்சள் செடியையெல்லாம் அவனே பிடுங்கட்டும்.”

“அவன் காடு மட்டுமா? செஞ்ச கெடுதலுக்கு இது கட்டுபடியாகுமா?”

“ஆகாதுதான். ஊர்க்காடு பூராவும் பிடுங்கட்டும்.”

“பிடுங்கினா?”

“பச்சை மட்டும் நிக்கும்மா. அதுல விளையறது அத்தனையும் நோய் தாங்குற விதை. அடுத்த வருஷம் குவியல்ல கொட்டினாலும் கவலையில்லை. குவியலே நல்ல விதையாயிரும்.”

சொல்லும்போதே அவர் முகம் மாறியது. சொல்லி முடித்ததும் மறுபடி கடுத்தது.

“ஆனா விடமாட்டாங்க. மஞ்சளானாலும் நாலு காய் காய்க்கும்லன்னு வரப்புல குறுக்க படுத்துக்குவாங்க. இருளாயி அரிவாளையே தூக்குவா.”

“அப்போ?”

“அவன்தான் பேசணும். ஒவ்வொரு வரப்பா நின்னு, காலைப் பிடிச்சாவது படியவைக்கணும்.”

“சிரிச்சா?”

“வாங்கிக்கணும். பதிலுக்கு ஒரு சொல் சொல்லக்கூடாது.”

“எப்போ முடிக்கணும்?”

“காய் கறுக்கிறதுக்குள்ள. அதுக்கப்புறம் பிடுங்கி என்ன, பிடுங்காம என்ன.”

“இவ்வளவுதானா? இன்னும் ஏத்தணுமா?”

“போதும்மா. இதுவே ஆளை முறிச்சிரும்.”

உடையப்பன் கையை நீட்டினார். அம்மை அதில் தன் கையை அடித்தார். பேச்சு முடிந்தது.

“யாரா இருந்தாலும் நீங்க இதைக் குறைக்கக்கூடாது” என்றார் உடையப்பன்.

“நான் குறைக்கமாட்டேன். நீங்க குறைச்சுடாதீங்க.”

“தரகு பேசின வாயிம்மா இது. படிஞ்சது படிஞ்சதுதான்.”

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு கேட்கிறேன் அண்ணே. முதல் படி விழாம பாய்ல யாராவது மூட்டையை அவிழ்ப்பாங்களா?”

“அதெப்படி? அந்த வருஷம் யாருக்கு மாலை மரியாதையோ, அவரு ஒரு படி அள்ளிப் போடணும். அவரு எந்த விதையைப் போடுறாரோ, ஊர்ல இருக்கிற அந்த விதை மூட்டை அத்தனையும் மத்த உளுந்தோட சேர்ந்து பாய்க்கு வந்துரும். வழக்கம் அதுதானே.”

அம்மை எழுந்து விளக்கருகே போனார்.

ஆணியில் தொங்கிய செவ்வந்தி மாலையைக் கழற்றினார். புது விதை கொண்டுவந்த மனிதனுக்கு இந்த வருஷம் கோயில் வாசலில் ஊர் போட்ட மாலை அது. ஊரே எனக்குப் போட்டது, குருவுக்குத்தான் சேரும் என்று நெஞ்சு கொள்ளாத பெருமையோடு உடையப்பன் கொண்டுவந்து மாட்டியது.

அதை அவர் கழுத்தில் போட்டார்.

காய்ந்த இதழ்கள் இரண்டு செடிகளின் மேலும் உதிர்ந்தன.

உடையப்பன் குனிந்து மாலையைப் பார்த்தார்.

“மரியாதைக்கு... புதுசுல ஒரே ஒரு படிதாம்மா போட்டேன்.”

அம்மை உட்கார்ந்து முறத்தை மடியில் எடுத்துக்கொண்டார். கல் பொறுக்கினார்.

உடையப்பன் மாலையைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. மஞ்சள் செடியை வாசலுக்கு வெளியே வீசினார். பச்சைச் செடியை மடியில் செருகிக்கொண்டார். மாலை கழுத்திலேயே கிடந்தது.

“போங்கண்ணே” என்றார் அம்மை, நிமிராமலே. “அந்த ஆளைக் கையோட கூட்டிக்கிட்டுப் போய், முதல்ல இருளாயி வரப்புல நிறுத்துங்க. பூவெல்லாம் காயாகுது. இனியாவது வந்து சரி பண்ணச் சொல்லுங்க.”