புதிதாக ஒரு பெட்டி

தென்காசியில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கோமதி. கணினி படித்தவளல்ல. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் திரையில் பெட்டிகளை இழுத்து அடுக்கிச் செயலி செய்துகொள்ளலாம் என்று கேள்விப்பட்டு, விடாமல் உட்கார்ந்து ஒன்றைச் செய்துவிட்டாள். யாருக்கு எந்த மெஷின், யாரை எந்த வேன் அழைத்து வரும், எல்லாம் அதில் வந்துவிட்டது. நோயாளிகள் வாசலில் காத்துக் கிடப்பது நின்றது. எல்லாரும் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு கோமதி நிம்மதியாக ஒரு லீவு போட்டதில்லை.

சாரல் காலத்தில் ஒருநாள் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் குருவிடம் போனாள். குரு அவளைவிட இளையவர். ஆனாலும் அவளுக்கு அவர் சாமிதான்.

"சாமி, தியானத்துல உட்கார்ந்தா அந்த ஆப்தான் கண்ணுக்குள்ள ஓடுது. தப்பாச்சுன்னா ஒரு உயிர் போயிரும். இதை எப்படி இறக்கி வைக்கிறது?"

மதியச் சமையலுக்கு மரவள்ளிக்கிழங்கு குவிந்திருந்தது. குரு ஒரு கத்தியை அவள் பக்கம் தள்ளினார்.

கோமதி தோல் சீவத் தொடங்கினாள். போன் அடித்தது. அவள் கை நீட்டுவதற்குள் குரு எடுத்துவிட்டார்.

மையத்து நர்ஸ் பெனிட்டா. பதற்றத்தில் அவள் பேசியது கோமதிக்கும் கேட்டது.

"அக்கா, கடையநல்லூர் ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. ஆப் அதே வழியத்தான் காட்டுது. அந்தப் பக்கம் அஞ்சு பேஷண்ட் இருக்காங்க!"

"அக்கா கிழங்கு சீவுறாங்கம்மா. டாக்டர் இருக்காரா?"

"இருக்கார்..."

"அப்ப உங்களுக்குத் தோணுறதைச் செஞ்சு பாருங்க. முடியலன்னா கூப்பிடுங்க. அவங்ககிட்டயே குடுக்கிறேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமி, குடுங்க சாமி."

"கூப்பிட்டா குடுக்கிறேன்."

கோமதியின் கத்தி தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளியது. குரு அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். கிழங்கு வெந்தது. பந்தி முடிந்தது. போன் அடிக்கவில்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, குரு அதை அவளிடம் நீட்டினார்.

அவசரமாகச் செயலியைத் திறந்தாள். பெட்டிகள் இடம் மாறியிருந்தன. நடுவில் அவள் வைக்காத ஒன்று: 'ரோடு அடைப்பு'. அதைத் தொட்டால் வேனுக்குச் சுற்றுவழி போனது. நோயாளிக்கு, 'கொஞ்சம் தாமதமாகும், பயப்படாதீங்க' என்று தகவல் போனது. கீழே ஐந்து பெயர்கள். ஐந்தும் பச்சை.

"வந்துட்டாங்க சாமி. அஞ்சு பேரும் வந்து படுத்துட்டாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மாறியது.

"ஆனா என் ஆப்பையே மாத்திட்டா சாமி, பெனிட்டா. இப்படிச் செய்யவான்னு ஒரு வார்த்தை கேக்கல."

"நீங்க செஞ்சப்போ யாரைக் கேட்டீங்க?"

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை அவர் பக்கமே நகர்த்திவிட்டு, கூடத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.