பில் போடும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பாகங்களின் பெயர் வாயில் நுழையாமல் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாளையங்கோட்டை ஆவுடையம்மாள் ஏமாறாமல் தப்பிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் இட்லி மாவு அரைத்து விற்பவள். மகள் வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பதற்காக, சீட்டுப் பணத்தில் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தாள். மிச்சம் இருந்தது கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும்தான். அது மட்டமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று மகள் எச்சரித்திருந்தாள்.

கடைக்காரர் குலசேகரன் ஒன்றை எடுத்து வைத்தார். அட்டைப்பெட்டியின் டேப், பிரித்துத் திரும்ப ஒட்டியது போல் சுருங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இது புதுசுதானா?"

"மாவு அரைக்கிறவ எனக்குச் சொல்லித் தாரியா? மட்டம்னு நிரூபிச்சுக் காட்டு, வேற தாரேன். இல்லைன்னா இதை எடுத்துட்டுக் கிளம்பு!"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? நீங்க பில் போடுற கம்ப்யூட்டர்ல இருக்கிற பழசை எனக்குக் கொடுங்க. இந்தப் புதுசை நீங்க மாட்டிக்கோங்க. லாபம் உங்களுக்குத்தானே!"

குலசேகரன் பதறிப்போய் தன் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றார். "ஐயோ, இதுல கடைக் கணக்கு பூரா இருக்கு!"

"அப்போ என் மக கம்ப்யூட்டர்ல என்ன, தவிடா இருக்கப்போகுது?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

ஆவுடையம்மாள் அதையும் நம்பவில்லை. அவருடைய கம்ப்யூட்டரிலேயே அதை அவரையே மாட்டி ஓட்டவைத்து, அதிலேயே தன் பில்லையும் அடிக்கச் சொல்லி, அப்புறம்தான் கழற்றி வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.