கடல் தாண்டி வந்த காவல்குட்டி

செவலை நாய்க்குத் துரோகம் செய்தவள் வடிவு வாத்துதான். அல்லிக்குளத்தில் அவளுடைய முட்டைகளுக்கு ஒன்பது வருஷம் காவல் இருந்தவன் அவன். ஒருநாள் காலையில் அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"செவலை அண்ணே, இனிமே நீங்க வரவேண்டாம். உங்க தாத்தா யாருன்னு உங்களுக்கே தெரியாது. நான் அசல் சாதி நாய்க்குட்டி வரவழைக்கிறேன், கடல் தாண்டி!"

"ஏன், எங்க தாத்தாவா வந்து முட்டையைக் காக்கணும்?" என்று உறுமினான் செவலை. வடிவு காதில் வாங்கவில்லை.

கூழைக்கடாதான் தரகர். வருஷாவருஷம் வெளிநாட்டிலிருந்து குளத்துக்கு வரும் பறவை அது. மழைக்காலம் தொடங்கியதும் வந்து இறங்கியது. அலகுப் பையிலிருந்து குட்டியைக் கரையில் துப்பியது. வெள்ளைப் பஞ்சுமூட்டை! மீன் நாற்றம் வேறு! கூடவே ஒரு நீளமான மரப்பட்டை. அதில் குட்டியின் பதினாறு தலைமுறைப் பெயர்கள்.

தவளைகள் துள்ளின. நண்டுகள் பக்கவாட்டில் ஆடின. வடிவு பட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். செவலை புதருக்குள் படுத்தபடி ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

மறுநாள் உச்சிப்பொழுது. வடிவு கூட்டைக் குட்டியின் காவலில் விட்டுவிட்டு இரை தேடப் போயிருந்தாள். வந்தது நரி.

"நில்! உன் வம்சம் என்ன?" என்றது குட்டி. பிறந்த பண்ணையில் அதற்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

நரிக்கு ஒரே குஷி. "என் வம்சமா தம்பி? அப்பா மலைக்கு ராஜா! தாத்தா நிலாவுக்கு ராஜா! பாட்டி சூரியனுக்குச் சின்ன மாமியார்!"

"அடேயப்பா! உள்ளே வாங்க, உள்ளே வாங்க!" குட்டி குனிந்து வழிவிட்டது.

நரி முட்டையை மோந்து பார்த்தது. 'தின்னட்டும், அவளுக்கு நல்லா வேணும்!' என்று புதருக்குள் படுத்தபடி நினைத்தான் செவலை. ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? கால்கள் தாமாகவே பாய்ந்தன. நரியின் வாலைக் கவ்வினான்.

"ஐயோ, விடுங்க மாமா!" நரி பாதி வால்முடியை அவன் வாயிலேயே விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

"என்ன அண்ணா இது! சூரியனுடைய சொந்தக்காரரையா கடிப்பது?" என்று குட்டி பதறியது.

வடிவு திரும்பி வந்தாள். வரப்பில் ஓடும் நரி கண்ணில் பட்டது. முட்டைகள் முழுதாக இருந்தன. குட்டியைச் சிறகால் அணைத்துக்கொண்டாள். "பார்த்தீங்களா! சாதி நாயைக் கண்டதுமே நரிக்கு நடுக்கம்!"

செவலை நடந்ததைச் சொன்னான். வாய் நிறைய முடி. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"சீ, தள்ளிப் போங்க அண்ணே! குட்டிக்கு உங்க முடி ஒட்டிக்கப் போகுது!"

வடிவு கேட்க வேண்டிய மன்னிப்பு இன்றுவரை பாக்கி.

வம்சத்தைப் பார்த்துக் காவலுக்கு ஆள் வைப்பவர், தம்மைக் காப்பாற்றியது யார் என்றுகூடத் தெரியாமல்தான் இருப்பார்.