ஆக்டினியமும் ஆடி மாதமும்

புற்றுநோய் மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் மருத்துவர் சுலோசனா ஆசிரியை. மருத்துவர் இளவழகன் மாணவர். பதினைந்து ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துவிட்டுப் புதிதாகக் கற்க வந்தவர். இருவருள் மாணவருக்கே வயது கூடுதல்.

அன்று காலை ஆக்டினியம் என்னும் கதிரியக்க மருந்து வந்து சேர்ந்திருந்தது. ஈயப் பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. உலகம் முழுவதற்கும் கிடைப்பதே மிகச் சொற்பம். அடுத்த குப்பி எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. இது பேருந்து நடத்துநர் மாசிலாமணிக்கு உரியது. அவருடைய எலும்புகளில் புற்று பரவியிருந்தது. வேறெந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம்” என்றார் இளவழகன். “இதோட கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாதுங்கிறாங்க. அவ்வளவு சோப்ளாங்கியா இருக்கிறது புற்றை எப்படிக் கொல்லும்?”

“தூரம் போகாது. அதனாலதான் பக்கத்துல இருக்கிறதை விடாது. புற்றணுவைத் தேடி ஒட்டிக்கிற மருந்தோட சேர்த்து அனுப்புறோம். அதைக் கொல்லும்; அக்கம்பக்கத்துக்குப் பெரிசா சேதம் இல்லை. மாசிலாமணி எங்கே சார்? பத்து மணிக்கு வரணுமே.”

“அவர் சம்சாரம் போன் பண்ணாங்க. ஆடியில ஆரம்பிக்க வேண்டாமாம். ஆவணி பிறக்கப் பத்தே நாள். ரொம்ப அழுதாங்க. சரின்னுட்டேன்.”

“சரின்னுட்டீங்க.”

“குப்பி பூட்டின பெட்டியிலதானே இருக்கு? எங்க ஆஸ்பத்திரியில குடலிறக்கத்துக்கு வர்றவங்க, ஆடி முடியட்டும்னா விட்டுடுவேன். ஒருத்தரும் செத்துடலை மேடம்.”

சுலோசனா கையுறைகளை மாட்டிக்கொண்டார். ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சென்று ஒரு குப்பியை எடுத்தார். ஊசியால் அதில் சரிபாதியை உறிஞ்சினார். மஞ்சள் நிறக் கழிவுக் கலத்துக்குள் பீய்ச்சினார்.

“மேடம்!” என்று அலறினார் இளவழகன். “என்ன பண்றீங்க?”

“மீதியை அவருக்குப் போடுங்க.”

“பாதி மருந்தையா? பாதி எப்படிப் போதும்? அந்த மனுஷன் சாகணுமா? உங்களுக்கென்ன பைத்தியமா?” மரியாதை தவறியது அவருக்கே தெரியவில்லை. “யாரைக் கேட்டுக் கொட்டினீங்க?”

“நீங்க யாரைக் கேட்டீங்க?”

இளவழகன் சுவரைப் பற்றிக்கொண்டார்.

“இது வெறும் உப்புத் தண்ணி சார். புதுசா வர்றவங்க கைப்பழக்கத்துக்கு வெச்சிருக்கோம்.”

அவருக்கு மூச்சு வந்தது. “அப்போ ஆக்டினியம்?”

“நீங்க சொன்ன மாதிரி, பூட்டின பெட்டியில இருக்கு.”

“நல்லவேளை மேடம். உயிரே போயிடுச்சு.”

“அதோட அரை ஆயுள் எவ்வளவு?”

“ஏறக்குறையப் பத்து நாள். அதுக்குள்ள கதிர்வீரியம் பாதி போயிடும்” என்று பாடம் ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார் இளவழகன். சொல்லி முடித்ததும் வாய் திறந்தபடியே நின்றது.

“ஆவணியில பெட்டியைத் திறங்க. ஒரு சொட்டும் குறைஞ்சிருக்காது. நிறம் மாறியிருக்காது. பூட்டும் பூட்டினபடியே இருக்கும்.”

“மேடம்…”

“நான் கொட்டினது உப்புத் தண்ணி” என்றார் சுலோசனா. “அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதைக் கொட்டிக்கிட்டிருக்கிறது நீங்க.”