தைலம்மை முகத்தில் முழித்தவர்கள்

"இன்றைக்கு யார் முகத்தில் முழித்தேனோ" என்று நாம் சும்மா அலுத்துக்கொள்வோம். பனைமேட்டுக் குப்பத்தில் சும்மா சொல்ல மாட்டார்கள், தைலம்மையைத்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடக் கன்னம் முழுவதும் கருஞ்சிவப்பு மச்சம். கட்டுமரம் கிளம்பும் விடியலில் அவள் கரைக்கு வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் ஆறு கடலில் விழும் இடத்தில், நண்டுகளையே அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு தனிக் குடிசையில் இருந்தாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அழைப்பில்லை. மீன் விற்கப் போனாலும் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் கூவ வேண்டும், பாவம்.

ஐப்பசியில் ஒரு விடியல். காற்று அடியோடு நின்றிருந்தது. மூன்று பேர் அவரவர் கட்டுமரத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது தைலம்மை முக்காடு இல்லாமல், இரண்டு கையிலும் ஈரமண் அப்பியிருக்க, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

அஞ்சாப்புலிக்குப் பெயரில்தான் புலி. "நாசமாப் போச்சு! இவ மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்று காறித் துப்பிவிட்டு மரத்தைத் திருப்பி இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

வைரக்கண்ணு நல்லவன். அவள் வாய் திறக்குமுன்பே சிரித்தான். "அவன் கெடக்குறான், நீ மனசு நோவாத தங்கச்சி. உன் மொகத்தால எனக்கு ஒண்ணும் வராது, பாரு!" என்று அவளுக்காகவே மரத்தை அலையில் விட்டான்.

மாசிலாமணி துடுப்பை ஊன்றி நின்றான். சகுனத்தில் அவனுக்கும் பாதி பயம்தான். ஆனாலும், "எதுக்குப் புள்ள ஓடியாந்தே?" என்று கேட்டான்.

"நண்டெல்லாம் வளை வாயை அடைச்சிக்கிச்சு அண்ணே, தோண்டிப் பாத்தேன். பெருங்காத்து வருது."

அவன் தன் மரத்தை இறக்காமல் வைரக்கண்ணுவைக் கூவி அழைத்தான். அலைச் சத்தத்தில் குரல் போய்ச் சேரவில்லை. மதியம் புயல் அடித்தது. வைரக்கண்ணு திரும்பவில்லை; அவன் மரத்தின் ஒரு கட்டைதான் கரை ஒதுங்கியது.

புயல் ஓய்ந்ததும் தலைவர் நாட்டார் முன்னால் ஊர் கூடியது. வானம் வெளுத்திருந்தது, இலை அசையவில்லை. "பாத்துட்டுப் போனவன் செத்தான், பாத்துத் திரும்புன நான் இருக்கேன். வேற என்ன சாட்சி வேணும்? அவளை ஊரை விட்டே தொரத்தணும்" என்றான் அஞ்சாப்புலி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சிலர், "தொரத்தாதீங்க, தெனம் கரையில நிறுத்தி வச்சுச் சகுனம் பாப்போம்" என்றார்கள். எனக்கு இதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். மாசிலாமணி நண்டைப் பற்றிச் சொன்னான். யார் காதிலும் ஏறவில்லை. வைரக்கண்ணுவின் மனைவி, "எம் புருசன் அவளை மதிச்சுத்தானே போனாரு" என்று அழுதாள்.

கூப்பிடாத அந்தக் கூட்டத்துக்குத் தைலம்மையே ஓடி வந்து ஓரமாக நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பற்றி அவ்வளவு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பயந்து திரும்பியவன் பிழைத்தான். அன்பு காட்டியவன் செத்தான். ஒருவன் பயந்துகொண்டே கேட்டான். அவசரப்படாமல் சொல்லுங்கள்: இந்த மூவரில் தைலம்மைக்குச் சரியானதைச் செய்தவன் யார்?

விடை: வைரக்கண்ணு என்று சொல்லத்தான் எனக்கும் வாய் வருகிறது. ஆனால் திட்டியவனும் தேற்றியவனும் பார்த்தது அந்த மச்சத்தை மட்டும்தான். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மாசிலாமணி செய்ததே சரி. அவளைத் துரத்துவதா, நிறுத்தி வைப்பதா என்று தீர்ப்புச் சொல்ல நாட்டார் எழுந்தபோதும் அவன்தான் குறுக்கே கேட்டான்: "இன்னிக்கு எதுக்குப் புள்ள ஓடியாந்தே?" அப்போதுதான் ஊர் அவள் கைகளைப் பார்த்தது. இரண்டிலும் மறுபடியும் ஈரமண்.