குகதாசனுக்குப் பிடித்த கட்டம்

என் தலையில் அடித்துச் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மயிர் இல்லாத தலை. அடித்த சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும்.

ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே மழை மேலிருந்து பெய்வதில்லை, பக்கத்திலிருந்து வரும். மூடுபனி அவ்வளவு கனம். செம்மறிகள் அதிலே சாய்ந்துகொண்டு நித்திரை கொள்ளும். நானே ஒன்றைத் தட்டி எழுப்பியிருக்கிறேன்.

அங்கேதான் ஒரு சீடர் தன் குருவிடம் இப்படிக் கேட்டார்:

"எனக்குப் பிடிச்சதை நான் கட்டக் கூடாதோ, டீச்சர்?"

சீடரின் பெயர் குகதாசன். வயது அறுபத்து மூன்று. புங்குடுதீவில் பிறந்து, அந்தப் பள்ளத்தாக்கின் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்து ஓய்ந்தவர்.

குருவின் பெயர் ஐலா. வயது நாற்பத்தொன்று. காலையில் தபால் கொடுப்பார். பின்னேரம் பேக்பைப் ஊதப் பழக்குவார். இரண்டு வேலைக்கும் அதிகம் கதைக்கத் தேவையில்லை.

குகதாசன் ஆறு வருஷமாக அவரிடம் ஊதிப் பழகுகிறார். முதல் வருஷம் அயல் வீட்டு நாய்கள் இரண்டு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. இப்போது பரவாயில்லை. வருகிற சனிக்கிழமை ஊர்வலத்தில், முதல் தடவையாக, வாத்தியக்காரரின் வரிசையில் அவருக்கும் ஓர் இடம்.

வரிசையில் நிற்க வேண்டுமென்றால் கில்ட் கட்ட வேண்டும். மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை, ஆம்பிளைகள் கட்டுவது. சாரம் கட்டி வளர்ந்த மனிதருக்கு அதிலே என்ன வெட்கம்? பிரச்சினை துணியின் கட்டத்தில் வந்தது.

அந்த ஊரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குடி, ஒரு பரம்பரை இருக்கிறது. அந்தக் கட்டத்தை டார்டன் என்பார்கள். கட்டத்தைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்கள்.

குகதாசனுக்குப் பிடித்தது கருஞ்சிவப்பு. அதிலே பச்சைக் கோடு, பச்சைக்கு நடுவே மயிரிழை போல ஒரு மஞ்சள். கடையில் கண்டார், வாங்கிவிட்டார். அது மக்ஓரன் குடியினரின் கட்டம்.

வாத்தியக் குழுவின் செயலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நீர் மக்ஓரன் இல்லை. குழுவின் பொதுவான சாம்பல் கட்டத்தைக் கட்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை றோட்டோரம் நின்று கைதட்டும்.

அந்தக் கோபத்தோடுதான் குகதாசன் குருவிடம் வந்திருந்தார்.

"ஏன் அந்தச் சிவப்பு?" என்று ஐலா கேட்டார்.

"வடிவாயிருக்கு."

"வேறை?"

"வடிவு காணாதோ? என்ரை இடுப்பு, என்ரை கண். சட்டம் ஒண்டும் தடுக்கேல்லை."

"தடுக்கேல்லைத்தான்."

"அப்ப கட்டலாமோ?"

ஐலா கடிதக் கட்டுகளைத் தபால் வான் வண்டியில் ஏற்றினார்.

"நாளைக்குக் காலமை கட்டிக்கொண்டு வாங்கோ. தபால் குடுக்கப் போவம். மத்தியானம் மட்டும் கழட்டக் கூடாது."

அடுத்த நாள் வந்தார். குளிர் முழங்காலைக் கடித்தது. ஆனாலும் வான் கண்ணாடியில் தன்னை இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.

முதல் வீட்டில் ஒரு தோட்டக்காரர். நீட்டிய கடிதத்தை வாங்கவில்லை. குகதாசனைப் பிடித்துக்கொண்டார். உங்கடை கல்மதில் மார்கழியில் விழுந்தது, உங்கடை செம்மறிகள் என் தோட்டத்து முட்டைக்கோவா முழுவதையும் மேய்ந்துவிட்டன, எப்போது கட்டப் போகிறீர்கள் என்று ஏசினார். ஏசிய சூட்டில் பக்கத்துக் குட்டையில் பனிக்கட்டி உருகியது.

என் முகத்தைப் பாருங்கோ, நான் அந்தக் குடியோ, என்றார் குகதாசன்.

மனிதர் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார்.

"முகம் மதில் கட்டாது," என்றார்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லித்தான் குகதாசன் தப்பினார்.

"அந்தாள் விசரோ, டீச்சர்?"

"இல்லை."

வான் போனது.

இரண்டாவது வீட்டில் ஒரு வயதான பெண். கட்டத்தைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய் ஒரு ஜாம் போத்தலோடு வந்தார். பெரிய பனி விழுந்த வருஷம் அவருடைய தாயை ஒரு கதவில் கிடத்தி, பதினொரு மைல் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியவர்கள் மக்ஓரன்காரராம். அதற்கு ஒருநாளும் நேரே நன்றி சொல்லவில்லையாம். சொல்லிச் சொல்லிக் குகதாசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முன்னால் நின்று தூக்கியவரின் அதே மூக்கு உங்களுக்கு என்றும் சொன்னார்.

வானுக்குள் குகதாசன் போத்தலை மடியில் வைத்தபடி இருந்தார்.

"இது எனக்கு உரியதில்லை."

"மதிலும் உரியதில்லை எண்டுதானே சொன்னீங்கள்."

குகதாசன் பெல்ட்டில் கை வைத்தார். "நான் கழட்டுறன்."

"மத்தியானம் ஆகேல்லை," என்று ஐலா சொன்னார்.

மூன்றாவது இடம் சேமக்காலை, ஊரின் இடுகாடு.

அந்த ஊரில் சவப்பெட்டியைக் கூலிக்காரர் இறக்குவதில்லை. பெட்டியில் எட்டுக் கயிறு கட்டியிருக்கும். ஒவ்வொரு கயிறும் ஒரு சொந்தக்காரருக்கு. யாருக்கு எந்தக் கயிறு என்று இலக்கம் போட்ட சின்ன மட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். எட்டுப் பேரும் சேர்ந்துதான் இறக்க வேண்டும்.

அன்று கிழவர் ஈவன் மக்ஓரனின் அடக்கம். குழியைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். எல்லோரும் சிவப்புக் கட்டம். எட்டாம் கயிறு சுருட்டியபடி பெட்டியின் மேலே கிடந்தது. அதற்குரிய மருமகன் கடலுக்கு அந்தப் பக்கம், விமானம் கிடைக்காமல் நின்றுவிட்டானாம்.

அடக்கத்தை நடத்தும் மலர்ச்சாலைக்காரர் நிமிர்ந்தார். வானிலிருந்து ஒரு சிவப்புக் கட்டம் இறங்குவதைக் கண்டார். நேரே வந்து மட்டையைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டு.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு பேரும் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள்.

குகதாசன் மட்டையைப் புரட்டிப் பார்த்தார். சும்மா நின்று கயிற்றைப் பிடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் செத்தவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஈவனின் அக்கா ஊனா குழியோரம் தடியூன்றி நின்றார். அவரிடம் போய்க் காதோடு எல்லாவற்றையும் சொன்னார். நான் உங்கடை ஆள் இல்லை, கடையில் பார்த்தேன், வடிவாயிருந்தது, அதுக்காக மட்டும்தான் கட்டினேன், மட்டையைத் திருப்பித் தருகிறேன்.

ஊனா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துணியின் ஒரு மடிப்பை விரலால் தொட்டார்.

"ஈவனுக்கு இந்தச் சிவப்பைக் கண்ணிலை காட்டக் கூடாது," என்றார். "சின்னனிலை இருந்தே. எழுபத்தெட்டு வருஷம் கட்டினவன்."

"பிடிக்காட்டி ஏன் கட்டினவர்?"

ஊனா திரும்பினார். பெட்டியின் மேலே கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

குகதாசன் போய் அதை எடுத்தார்.

ஒருவர் அவசரப்பட்டால் பெட்டி சரியும். ஒருவர் பிந்தினாலும் சரியும். அங்கே யாரும் எண்ணிச் சொல்வதில்லை. பக்கத்துக் கையைப் பார்த்துப் பார்த்து விட வேண்டும். கயிறு அவருடைய உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது.

முப்பது வருஷம் மனிதரின் எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். ஒரு மனிதரின் கனத்தில் எட்டில் ஒரு பங்கு எவ்வளவு என்று அன்றைக்குத்தான் கை அறிந்தது.

எல்லாம் முடிந்து வானுக்கு வந்தார். ஐலா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் ஆயிட்டுது. இனிக் கழட்டலாம்."

குகதாசன் வான் கண்ணாடியால் வெளியே பார்த்தார்.

"சனிக்கிழமைக்குச் சிவப்பெண்டாலும் சரி, சாம்பலெண்டாலும் சரி. செயலாளரோடை நான் கதைக்கிறன்."

அந்த ஏழு பேரும் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரின் முழங்கையைப் பிடித்தபடி, மெல்ல.

"அதிலை ஆக இளையவருக்கு என்ன வயசு, டீச்சர்?"

"எழுபத்தொண்டு."

குகதாசன் பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

இவ்வளவுதான். யார் சொன்னது என்று எவரும் கேட்டால், பஸ்ஸில் யாரோ கதைத்தார்கள் என்று சொல்லிவிடுங்கோ. என் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம். அந்தச் செயலாளர் இன்னமும் என்னோடுதான் சீட்டு விளையாடுகிறார்.