பள்ளத்தாக்கின் நடுவே பற்றிய சிறகு

மலைக்காட்டில் தீப்பிடித்துவிட்டது. பொன்னலகி என்ற இருவாட்சிப் பறவை சின்னச் சின்ன விலங்குகளை முதுகில் ஏற்றி, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக ஏறியவை சுருளி என்ற அணிலும், அதன் இரண்டு குட்டிகளும், கூரன் என்ற எலியும்.

பொன்னலகி சிறகடித்தபோது பெருங்காற்று இரைவதுபோல் ஓசை எழுந்தது. அதைக் கேட்டுச் சுருளி மலைத்துப்போனது.

நடுப்பள்ளத்தாக்கில் ஒரு தீப்பொறி பறந்துவந்து வலச்சிறகில் விழுந்தது. இறகு புகைந்தது. சட்டென்று சிறகோசை நின்றுபோனது.

“செத்தோம்! வேகமாய்ச் சிறகடி!” என்று அலறியது எலி.

“அக்கா! என் பிள்ளைகள்!” என்று கத்தியது சுருளி.

பொன்னலகி சிறகடிக்கவில்லை. இரண்டு சிறகுகளையும் விரித்தபடியே மிதந்தது. ‘பயத்தில் உறைந்துவிட்டதோ?’ என்று பயந்த சுருளி குட்டிகளை அணைத்துக்கொண்டது.

பிறகு நிதானமான குரல் கேட்டது. “எல்லாரும் முதுகோடு ஒட்டிப் படுங்கள். எதிர்மலைக்குப் போக முடியாது. அருவியை ஒட்டிப் பறந்து, ஆற்று மணலில் இறங்கப் போகிறோம்.”

“அருவிக்குள்ளா?” என்று நடுங்கியது கூரன்.

“சாரலுக்குள். இறுகப் பிடித்துக்கொள்!”

வானத்திலிருந்தே கொட்டுவதுபோல் வெள்ளையாய் விழுந்துகொண்டிருந்தது அருவி. அதன் ஓரமாகச் சாய்ந்து சறுக்கியது பறவை. சாரல் முகத்தில் அறைந்தது. ‘சுஸ்ஸ்’ என்று நெருப்பு அணைந்தது. சுற்றிலும் வானவில்! சுருளி மூச்சுவிடவும் மறந்தது.

அடுத்த நொடி, பறவையின் கால்கள் மணலைத் தொட்டன. குட்டிகள் பத்திரமாக இருந்தன.

“உனக்குப் பயமே இல்லையா அக்கா?” என்று கேட்டது சுருளி.

“ஏன் இல்லை? நெஞ்சு படபடத்தது. ஆனால் பதறிச் சிறகடித்திருந்தால் காற்றுப்பட்டுத் தீ கொழுந்துவிட்டிருக்கும். அதனால் முதலில் விழாமல் மிதந்தேன். அப்புறம் எந்தச் சிறகு, எங்கே தண்ணீர், எங்கே இறங்கலாம் என்று பார்த்தேன். அதன்பிறகுதான் உங்களிடம் பேசினேன்.”

கருகிய அந்தச் சிறகைச் சுருளி தன் சின்னக் கையால் மெல்லத் தடவியது.

ஆபத்து வரும்போது பதறாமல் நின்று யோசிப்பவரே தம்மையும், தம்மை நம்பி வந்தவர்களையும் காப்பாற்றுவார்.